கணக்குப் படிக்கச் சம்பளம்

பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பேரும் தோட்டத்தின் பேரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். மூத்த மகள் வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள். "புள்ளியியலில் ஆராய்ச்சி செய், முதுகலை முடி" என்று விரிவுரையாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். அடுத்த இரண்டு பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். மகளின் முதல் பட்டத்துக்கு வாங்கிய அரசாங்கக் கடன் அப்படியே நிற்கிறது. தாயார் கேட்கிறார்: "மறுபடியும் எங்கே கடன் கிடைக்கும்? அவள் அப்பாவின் சேமநிதியை எடுக்கலாமா? இல்லை, என் சங்கிலியை அடகுக் கடையில் வைக்கட்டுமா?"

அம்மா, இரண்டும் வேண்டாம். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் பட்டம் என்பது நாம் காசு கட்டிப் படிக்கும் படிப்பு. அதற்குக் கடன் கேட்டோம், உதவி கேட்டோம். சரிதான். ஆராய்ச்சிப் படிப்பு அப்படியில்லை. அது பாதி படிப்பு, பாதி வேலை. ஆராய்ச்சி செய்கிற பிள்ளை ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குக் கைகொடுக்கிறாள். இளைய மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பல்கலைக்கழகத்தின் பேரில் கட்டுரை எழுதுகிறாள். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு. கணிதத்திலும் புள்ளியியலிலும் ஆராய்ச்சி செய்வோரில் பலர், உலகம் முழுவதும், மாதச் சம்பளம் போல ஓர் உதவித்தொகை வாங்கிக்கொண்டுதான் படிக்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் தேட வேண்டியது கடன் கொடுப்பவரை அல்ல. படிக்கச் சம்பளம் கொடுப்பவரை.

முதலில் அப்பாவின் சேமநிதி விஷயத்தை முடித்துவிடுவோம். பிள்ளையின் உயர்கல்விக்காகச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. கல்விக்கு எடுப்பது 'செஜாஹ்தெரா' என்கிற கணக்கிலிருந்து. எடுக்க முடியும் என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்ற பிறகு சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்கோ நீலாய்க்கோ வாடகை வீடு தேடிப் போன குடும்பங்களை நெகிரி செம்பிலானில் நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! அந்த நாளில் தலைக்கு மேல் கூரை வைத்துக்கொள்ள அந்தப் பணம் ஒன்றுதான் உண்டு. முதல் பட்டத்துக்கு வேறு வழியே இல்லாமல் எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளத்தோடு செய்யக்கூடிய படிப்புக்காக அதைத் தொடுவது நியாயமில்லை.

பழைய கடன் நிற்கிறதே என்கிறீர்கள். பி.டி.பி.டி.என். கடன் வாங்கி முதல் வகுப்பில் தேறியவர்கள், கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். கடன் உபகாரச் சம்பளமாக மாறிவிடும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு; மனுச் செய்யக் காலக்கெடுவும் உண்டு. தானாக நடக்காது, கேட்டால்தான் நடக்கும். பட்டமளிப்பு விழாப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் இந்த மனுவை அனுப்பச் சொல்லுங்கள். விலக்குக் கிடைக்காவிட்டாலும், மேற்படிப்பைத் தொடர்கிறவர்கள் தவணையைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம்.

இனி சம்பளம் எங்கே என்று பார்ப்போம்.

உயர்கல்வி அமைச்சு ஆய்வுகளுக்கு மானியம் கொடுக்கிறது. அதில் அடிப்படை ஆய்வுகளுக்கு உரியதை எஃப்.ஆர்.ஜி.எஸ். என்று பல்கலைக்கழகங்களில் சொல்வார்கள். மானியம் மாணவர் பேரில் வருவதில்லை. விரிவுரையாளர் பேரில் வருகிறது. அவர் தம் ஆய்வில் வேலை செய்ய முதுகலை மாணவர் ஒருவரையோ முனைவர் பட்ட மாணவர் ஒருவரையோ ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொண்டு, மானியத்திலிருந்து மாதாமாதம் தொகை கொடுக்கலாம். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் வரும், பாரம் வாங்கி நிரப்பலாம் என்று காத்திருக்கிறார்கள். இந்த இடம் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே, கேட்டுப் போனவருக்குப் போய்விடுகிறது.

ஆகவே முதலில் தேட வேண்டியது ஆளை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் கழகம், பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணிதப் பள்ளி, பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் - ஒவ்வொன்றும் தன் விரிவுரையாளர்கள் யார், எதில் ஆய்வு செய்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை இணையத்தில் போட்டிருக்கிறது. உட்கார்ந்து படிக்க வேண்டும். தனக்குப் பிடித்த துறையில் இருப்பவர்கள் பத்துப் பேரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும்.

எப்படி எழுதுவது? தமிழ்ப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் கும்பகோணத்து இராமானுஜன் பேர் தெரியும். அவருடைய கணக்குகள் நமக்குப் புரியாவிட்டாலும், அவர் பணம் தேடிய கதை நன்றாகவே புரியும். ஆங்கிலப் பாடத்தில் தோற்றதால் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தவர் அவர். பட்டம் கிடையாது. வேலை தேடி அலைந்த நாளில் நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தம் சொந்தப் பணத்திலிருந்து மாதாமாதம் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. அங்கிருந்துதான் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதினார். முதல் இரண்டு பேரிடமிருந்து உதவி வரவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தில் அவர் செய்ததைக் கவனியுங்கள். தாம் யார், என்ன வேலை, என்ன சம்பளம், பட்டம் இல்லை என்பதையெல்லாம் சில வரிகளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு, தாம் கண்டுபிடித்த சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக உடன் வைத்தார். மாமிச மலையாகப் புகழ்ச்சி இல்லை. 'ஏழை, தயவு காட்டுங்கள்' என்கிற புலம்பலும் அதன் முதுகெலும்பு இல்லை. வேலைதான் பேசியது. அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரிய இடத்தைப் பட்டமே இல்லாதவருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் போக ஆண்டுக்கு 250 பவுன், கப்பல் செலவு தனி. அதிலிருந்து ஒரு பங்கு ஊரிலிருந்த தாயாருக்குப் போகும்படி அவர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். மேதைக்கும் வீட்டுச் செலவு இருந்தது.

உங்கள் மகள் இராமானுஜனாக இருக்க வேண்டியதில்லை. இறுதியாண்டில் செய்த ஆய்வறிக்கை ஒன்று இருக்குமே, அதுதான் அவளுடைய நோட்டுப் புத்தகம். ஒரு பக்கக் கடிதம். அதோடு மதிப்பெண் பட்டியல். அதோடு அந்த அறிக்கை. "உங்களுடைய இன்ன கட்டுரையைப் படித்தேன், அதில் இந்த இடத்தைத் தொடர விரும்புகிறேன்" என்று ஒரு வரி உண்மையாக இருந்தால் போதும். பத்தில் ஆறு பேர் பதில் போடாமல் இருக்கலாம். மனம் விடக் கூடாது. இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம்.

பதில் வந்தால், சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிடாமல் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மானியம் கையில் இருக்கிறதா, இல்லை இனிமேல்தான் கிடைக்க வேண்டுமா? கையில் இருந்தால் இன்னும் எத்தனை மாதம் ஓடும்? மாதத்தொகை எவ்வளவு? படிப்புக் கட்டணம் அதில் அடக்கமா, தனியா? மானியம் ஒருநாள் முடிந்துவிடும்; படிப்பு அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போகலாம். இடையில் ஆறு மாதம் காசில்லாமல் நின்றால் யார் பார்ப்பது? கேட்பதில் வெட்கமில்லை. தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறவர் கூலி என்ன என்று கேட்காமலா பெரட்டில் நிற்கிறார்? 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஆய்வு உதவித்தொகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், கோலாலம்பூர் பக்கம் அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும் என்று பார்க்க அது ஓர் அளவுகோல்.

இன்னொரு கணக்கையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளியோடு நின்றுவிடும். உண்மையான செலவு அது அல்ல. மகள் வேலைக்குப் போனால் மாதம் 2,500 வெள்ளி சம்பாதிப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதத்தில் அது 60,000 வெள்ளி. அந்தச் சம்பளத்தை நம்பித் தம்பி தங்கைகளின் டியூஷனும் கடையில் கணக்கும் இருந்தால், ஆராய்ச்சி என்ற பேச்சே வீட்டில் மனத்தாங்கலாகிவிடும். உதவித்தொகையில் மாதம் இவ்வளவுதான் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று அவள் முன்கூட்டியே சொல்லட்டும். அப்பாவும் அவ்வளவு போதும் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லாமல் விட்ட எதிர்பார்ப்பால் பாதியில் படிப்பை விட்டவர்கள் உண்டு.

அப்பா ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "புள்ளியியல் என்றால் என்ன? அதற்கு எவன் சம்பளம் கொடுப்பான்?" அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் இந்நாட்டில் அமைக்கப்பட்டது. எந்த ரகக் கன்று நட்டால் பால் அதிகம் என்று அறியச் சோதனைத் துண்டுகளில் பல ரகங்களை நட்டு, பால் எடுத்து, நிறுத்து, எழுதி வைத்தார்கள். ஒரு மரம் நன்றாகக் கறந்தால் அது ரகத்தின் குணமா, மண்ணின் குணமா, சீவியவர் கைப்பாங்கா? இதைப் பிரித்துச் சொல்லும் வித்தைதான் புள்ளியியல். இங்கிலாந்தில் ரோத்தாம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் என்பவர் 1920களில் இந்த முறையை வகுத்தார். நம் அப்பாக்கள் 60களிலும் 70களிலும் சீவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம் இப்படிப்பட்ட கணக்கிலிருந்து தேறி வந்ததுதான். வாளி தூக்கியவர் நம்மவர். அந்த எடைகளை வைத்துக் கணக்குப் போட்டவர் வேறொருவர். இப்போது மகள் அந்த மேசையில் உட்காரலாம் என்கிறார் விரிவுரையாளர்.

அதனால்தான் புள்ளியியலுக்குக் காசு கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கிறது. மருத்துவமனைக்கு வேண்டும், வங்கிக்கு வேண்டும், வெள்ளம் வருமா என்று பார்ப்பவருக்கு வேண்டும். செம்பனைக்கும் வேண்டும். மலேசியச் செம்பனை வாரியம் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை உதவித்தொகையோடு தன் ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் வைத்திருக்கிறது. கணக்குப் பிள்ளைகளுக்கு இடமுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். தூய கணிதத்தில் இத்தனை வாசல் இல்லை. அங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகை, அல்லது டியூட்டராக வகுப்பெடுத்துச் சம்பாதிப்பது. காசுக்காகப் பிடித்த துறையை விட்டு மாறச் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு வருடம் ஒரே கேள்வியோடு குடும்பம் நடத்த வேண்டும்; பிடிக்காத கேள்வியோடு அது முடியாது.

அமைச்சின் உதவிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011இல் தொடங்கிய மைபிரெய்ன்15 திட்டத்தில், கணிதம், பௌதிகம் போன்ற தூய அறிவியல் பாடங்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. நம் பிள்ளைகள் சிலர் அதில் ஏறிக்கொண்டார்கள். பிறகு புதிய சேர்க்கை நின்றது. இப்போது மைபிரெய்ன் 2.0 என்ற பெயரில் அது மறுபடி வந்திருக்கிறது. கதவு எப்போது திறக்கிறது என்று அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தனக்கு நாளைக்கு விரிவுரையாளர் வேண்டும் என்று இன்றைக்கே ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்து, படிக்க வைத்து, திரும்பி வந்து இத்தனை ஆண்டு வேலை செய் என்று கையெழுத்து வாங்குவதும் உண்டு. அதில் எஸ்.எல்.ஏ.பி. என்பது பூமிபுத்ராக்களுக்கு, எஸ்.எல்.ஏ.ஐ. என்கிற பெயரைத்தான் நம் பிள்ளைகள் விசாரிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், படிப்பு முடியாமல் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், ஜாமீன் யார் என்ற பக்கத்தை இரண்டு தரம் படியுங்கள். அப்பாவை ஜாமீன் போடச் சொல்கிற ஒப்பந்தமும் ஒருவகையில் அப்பாவின் சேமநிதியைத் தொடுவதுதான்.

மகள் ஒருவேளை ஆசிரியையாகிவிட்டால் ஆராய்ச்சி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பணியில் உறுதி செய்யப்பட்ட அரசாங்க ஆசிரியர்களுக்கு 'ஹாடியா லத்திஹான் பெர்செகுத்துவான்' என்னும் உபகாரச் சம்பளம் இருக்கிறது. சம்பளத்தோடு விடுப்பு எடுத்து முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கலாம். நம் ஆசிரியர் பெருமக்களில் எத்தனையோ பேர் இதற்குத் தகுதி இருந்தும் பாரத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பது என் ஆதங்கம்.

வேலையோடு சேர்ந்து வந்த படிப்பு தாழ்ந்ததல்ல. புள்ளியியலில் உலகப் பெயர் வாங்கிய சி. ஆர். ராவ் கதையைக் கேளுங்கள். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்தவர், ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்தார். மனு தாமதமாக வந்தது என்று தள்ளிவிட்டார்கள். யுத்த காலம். இராணுவ அளவைப் பிரிவில் ஒரு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு நேர்முகத்துக்குப் போனார், அதுவும் கிடைக்கவில்லை. தங்கியிருந்த இடத்தில் பழக்கமான ஒருவர் மூலம்தான், 1931இல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. 1941 ஜனவரியில் அங்கே சேர்ந்தார். 1946இல் கேம்பிரிட்ஜ் போனார் - மாணவராக அல்ல, வேலையாக! சூடானில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புகளின் அளவுகளைக் கணக்கிட்டுச் சொல்ல அங்கிருந்த அருங்காட்சியகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைச் செய்துகொண்டே, நான் மேலே சொன்ன அதே ஃபிஷரிடம் முனைவர் பட்டமும் வாங்கிக்கொண்டு 1948இல் முடித்தார். 2023இல் தமது 102ஆம் வயதில் மறைந்தார். சின்ன வயதில் விடிகாலை நான்கு மணிக்குத் தம்மை எழுப்பி, எண்ணெய் விளக்கு ஏற்றிவைத்துப் படிக்கச் சொன்ன தாயாரை அவர் கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார். நான்கு மணிக்கு எழும் தாய்மார்கள் நம் தோட்டங்களில் குறைவா என்ன?

வெளிநாட்டுக்குப் போகலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். காசு இல்லாதவர்கள் வெளிநாட்டை நினைக்கவே கூடாது என்பது முதல் பட்டத்துக்குச் சரி. ஆராய்ச்சிக்குச் சில நேரம் நேர்மாறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணிதம், புள்ளியியல் துறைகள் முனைவர் பட்ட மாணவர்களை எடுக்கும்போது, பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் வேலையைக் கொடுத்து மாதத்தொகையும் தருகின்றன. முதுகலை இல்லாமல் முதல் பட்டத்தோடு நேரே போகலாம். பக்கத்திலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தருகிறது. ஜப்பான் அரசாங்கம் தூதரகத்தின் மூலம் ஆராய்ச்சி மாணவர்களை அழைக்கிறது. இத்தாலியில் திரியெஸ்த் நகரில், அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய பௌதிக மையத்தில், வளரும் நாட்டு மாணவர்களுக்குக் கணிதத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளோமா உண்டு. செலவை அவர்களே ஏற்கிறார்கள். பிரிட்டனின் செவனிங் ஓராண்டு முதுகலைக்கு மட்டும். வேலை அனுபவமும் கேட்கும்.

இங்கே தடையாக நிற்பது பெரிய பணம் அல்ல, சின்னப் பணம். ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டணம், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் நகல், விசா, முதல் மாத வாடகை. சேர்த்துப் பார்த்தால் சில ஆயிரம் வெள்ளி. இந்தச் சின்னப் பணம் இல்லாமல் பெரிய பணத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி எழுதிக் கேட்டால் சில பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொள்ளும். மற்றதற்குத்தான் நம்முடைய சங்கங்கள். துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களைப் பங்குதாரராக்கித் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவோ தாத்தாவோ உறுப்பினராக இருந்தால், உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியை விசாரியுங்கள். பழைய பங்குச் சீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். 1984இல் அமைந்த எம்.ஐ.இ.டி. தருவது பெரும்பாலும் கடன். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சிரம்பானில் நெகிரி செம்பிலான் அறவாரியம் இருக்கிறது. அங்கும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவுக்குப் பந்தலும் வாண வேடிக்கையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் கோயில் ஏற்றுக்கொள்ளலாமே. 1907இல் தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி, இந்தியாவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவர ஒரு நிதி வைத்தார்கள். தமிழர் குடியேற்ற நிதி என்பது அதன் பெயர். நம் பாட்டன்மார் பலர் அந்தக் காசில் ஏறி வந்தவர்கள். மரம் சீவ ஆள் கொண்டுவர நிதி இருந்தது. பேத்தியைக் கணக்குப் படிக்க அனுப்ப நாம் ஒரு நிதி வைக்கக் கூடாதா? பெரிய தொகை வேண்டியதில்லை. குற்றாலம் பக்கம் வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, வாரிங் கணக்கில் பெயர் பெற்றவர், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். அவருக்குப் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவர் சாஸ்திரியார் என்கிற ஓர் ஆசிரியர். தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். பின்னாளில் பிரின்ஸ்டன் ஆய்வுக் கழகம் பிள்ளையை அழைத்தது. போகிற வழியில், 1950 ஆகஸ்டில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் அவர் மாண்டுபோனார். அந்தச் சாஸ்திரியாரின் சம்பளம் அப்படியொன்றும் அதிகமாக இருந்திருக்காது.

ஓர் எச்சரிக்கை. "உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று வருகிற ஏஜெண்டுகளை வாசற்படி ஏற விடாதீர்கள். நான் மேலே சொன்ன எதற்கும் தரகர் கிடையாது.

காலம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவுக்கு விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும்; அடுத்த ஆண்டு நடுவில்தான் வகுப்பு. ஜப்பான் தூதரகம் ஏப்ரல், மே வாக்கில் கேட்கும். செவனிங் ஆகஸ்டில் திறக்கும். உள்ளூரில் ஆராய்ச்சி மாணவர்களை ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேர்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று விரிவுரையாளர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். மகள் தன் பழைய விரிவுரையாளர்களுக்கு இந்த மாதமே எழுதட்டும். முகம் மறப்பதற்குள் கேட்டால் நல்ல கடிதம் கிடைக்கும். ஆராய்ச்சி செய் என்று சொல்லி அனுப்பினாரே, அந்த விரிவுரையாளரிடம் "உங்களிடம் மானியம் இருக்கிறதா ஐயா?" என்று அவள் கேட்டாளா என்பது கடிதத்தில் இல்லை. அதுதான் முதல் வேலை.

அடுத்த இதழில், தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தும் தங்குமிடம் கிடைக்காமல் இருக்கும் ரந்தாவ் தம்பிக்குப் பதில் எழுதுகிறேன்.